பிரேக் டீச்சரின் வலது கால்

டிரைவிங் ஸ்கூலில் அவருக்கு 'பிரேக் டீச்சர்' என்று பெயர். கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவர் உட்காரும் பக்கத்திலும் காலடியில் ஒரு பிரேக் வைத்திருப்பார்கள் அல்லவா? அதை அவர் மிதித்த மிதி கொஞ்சநஞ்சமல்ல. நாய் குறுக்கே வந்தால் மிதிப்பார். நாய் வரப்போகிறதோ என்று சந்தேகம் வந்தாலே மிதிப்பார். வலது கால் பிரேக்குக்குப் போகும்போதே கை நீண்டு பக்கத்து ஸ்டியரிங்கைப் பிடித்துத் தன் பக்கமாக இழுத்துவிடும். இரண்டையும் யோசித்துச் செய்வதில்லை, கண் இமைப்பது மாதிரி அது பாட்டுக்கு நடக்கும்.

கிளட்ச் சொல்லிக்கொடுப்பதில் மட்டும் அவரை மிஞ்ச ஆள் கிடையாது. புதிதாக வருகிறவர்கள் கிளட்சைப் படக்கென்று விட்டுவிட்டு வண்டியைக் குலுக்கி நிறுத்துவார்கள். டீச்சர் திட்டமாட்டார். "தூங்குற குழந்தையோட தலைக்கு அடியில இருந்து கைய எடுக்கிற மாதிரி எடுங்க. முழிச்சுக்கக் கூடாது," என்பார். அதைக் கேட்டதும் மீசை வைத்த பெரிய மனிதர்களுக்குக்கூடக் கால் பூப்போல ஆகிவிடும்.

இப்படிப்பட்ட அம்மாள் ஞாயிற்றுக்கிழமையானால் ரேஸுக்குப் போகிறார் என்றால் யார் நம்புவார்கள்? நம்பித்தான் ஆகவேண்டும். ஊருக்கு வெளியே, விமானங்கள் இறங்குவதை நிறுத்திவிட்ட ஓர் ஓடுபாதை இருக்கிறது. அங்கே இரண்டு கார்களைப் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்துவார்கள். பச்சை விளக்கு எரிந்ததும் நேர்க்கோட்டில் பறக்க வேண்டும். முதலில் கோட்டைத் தாண்டுகிறவர் ஜெயித்தவர். திருப்பம் கிடையாது, மேடு பள்ளம் கிடையாது, இரண்டு தும்மல் போடுவதற்குள் எல்லாம் முடிந்துவிடும்.

ஆரம்பித்தது ஒரு மாணவரால்தான். பிரேக் என்று நினைத்து ஆக்சிலேட்டரை மிதித்துவிட்டார் அந்தப் புண்ணியவான். கார் பாய்ந்தது, டீச்சரின் கால் அதை நிறுத்தியது. மாணவர் நடுங்கிக்கொண்டிருந்தார். டீச்சரோ ஜன்னல் வழியாக வெளியே பார்த்தபடி, 'நிறுத்தாம இருந்திருந்தா என்ன ஆகியிருக்கும்?' என்று யோசித்துக்கொண்டிருந்தார். சுவரில் இடித்திருக்கும், வேறென்ன ஆகும்? ஆனால் அவருக்கு அந்தப் பதில் போதவில்லை. சுவரே இல்லாத இடத்தில் என்ன ஆகும் என்று தெரிந்துகொண்டே தீரவேண்டும் என்று ஆகிவிட்டது.

அவர் வீட்டில் இரண்டு கட்சி. டீச்சரும் அவருடைய மாமியாரும் 'ஏன்' கட்சி. குக்கர் விசில் அடித்தால் ஏன் அடிக்கிறது என்று கேட்டு, மூடியைக் கழற்றிப் பார்க்கிற ரகம். வீட்டுக்காரர் 'எதுக்கு' கட்சி. கார்களுக்கு சீட் தைத்துக் கொடுப்பது அவர் தொழில். ஒரு தையல் கோணினாலும் பிரித்துவிட்டு மறுபடி தைப்பார். "எதுக்கு ரேஸ்? எதுக்கு இந்த வேலை?" என்று கேட்டுக்கொண்டே, பெண்டாட்டி உட்காருகிற சீட்டுக்கு மட்டும் இரட்டைத் தையல் போட்டுக் கொடுத்தார்.

கார் வீட்டுக் கார்தான். பழைய, நாலு கதவு வைத்த, யாரும் திரும்பிப் பார்க்காத கார். பின் சக்கரங்கள் தள்ளி ஓடுகிற வண்டி. மெக்கானிக் அதற்குள் பெரிய எஞ்சினாகப் பார்த்து மாட்டிக் கொடுத்திருந்தார். ஞாயிறு தவிர மற்ற நாட்களில் அதற்கு வேறு உத்தியோகம். மாமியாருக்குச் சிறுநீரகம் பழுது. ரத்தத்தைச் சுத்தம் செய்ய வாரத்தில் சில நாள் விடிந்ததும் ஆஸ்பத்திரிக்குப் போயாக வேண்டும், திங்கட்கிழமை கட்டாயம். மகன் ஓட்டுவார், அம்மா முன்சீட்டில் உட்காருவார், மடக்குகிற சக்கர நாற்காலி டிக்கியில் கிடக்கும். அந்தக் கார் நின்றால் அந்த வீடு நின்றது மாதிரி.

ஒரு ஞாயிறு நின்றேவிட்டது.

அன்று பாதையில் டயர் நன்றாகப் பிடிப்பதற்காக ஏதோ பிசினைத் தெளித்திருந்தார்கள். செருப்பு ஒட்டிக்கொண்டு வரமாட்டேன் என்றது. பச்சை எரிந்தது. வாரம் முழுக்க மெதுவாக, மெதுவாக என்று சொல்கிற டீச்சர் கிளட்சைப் படக்கென்று விட்டார். எப்போதும் முதலில் டயர் கொஞ்சம் வழுக்கும், பிறகுதான் பிடிக்கும். அன்று வழுக்கவில்லை. பாதை காணாமல் போனது. கண்ணாடி முழுக்க பானெட், பானெட்டுக்கு மேலே வெறும் ஆகாயம். கார் முன்னங்கால்களைத் தூக்கிக்கொண்டு நின்றது!

பழக்க தோஷம் யாரை விட்டது? வலது கால் ஆக்சிலேட்டரிலிருந்து பிய்த்துக்கொண்டு போய் பிரேக்கை மிதித்தது. கை ஸ்டியரிங்கை ஒரு பக்கமாக இழுத்தது. முன்பக்கம் தொப்பென்று விழுந்தது. விழுந்த சக்கரங்கள் கோணலாக இருந்ததால் கார் கோணலாகவே பாய்ந்து, ஓரச் சுவருக்கு ஒரு முழம் முன்னால் நின்றது. அடியிலிருந்து எண்ணெய் கொட்டியது. ஒரு ஹெட்லைட் வயரில் தொங்கியது. தலை தப்பியது தம்பிரான் புண்ணியம்.

மறுநாள் மாமியார் ஆஸ்பத்திரிக்குப் போனது கூரையில் பெயர்ப் பலகை வைத்த டிரைவிங் ஸ்கூல் காரில். "நர்ஸ் பொண்ணு கேக்குது, பாட்டி இந்த வயசுல லைசென்ஸா எடுக்கப் போறீங்கன்னு!" என்று அவர் சிரித்தார். மகன் சிரிக்கவில்லை. "இதோ பாரு," என்றார் மனைவியிடம். "இது உன் கார் மட்டும் இல்ல. அம்மாவோட உசுரு அதுலதான் போய் வருது. இன்னொரு தடவ மூக்கு தரையில அடிச்சுதுன்னா வித்துடுவேன். சின்னதா, அமைதியா, பின் சக்கரம் தள்ளாத ஒரு வண்டி வாங்கிடுவேன். அப்புறம் பேச்சே இல்ல." அவர் பிடித்த முயலுக்கு மூன்று கால்தான், டீச்சருக்குத் தெரியும். அவர் சொன்னதில் நியாயம் இருந்தது என்பதும் தெரியும். அதுதான் அதிகமாக வலித்தது.

மெக்கானிக் காருக்குக் கீழே படுத்துக்கொண்டே பாடம் நடத்தினார். "தூக்கினதுல தப்பு இல்லக்கா. இறக்கினதுலதான் தப்பு. நீங்க காலைப் பட்டுனு எடுத்தீங்க, அதான் பட்டுனு விழுந்துச்சு. ஆக்சிலேட்டரைக் கொஞ்சம் கொஞ்சமா விடணும். பிரேக் பக்கமே போகக் கூடாது. ஸ்டியரிங் நேரா இருக்கணும். சக்கரம் காத்துல இருக்கும்போது திருப்பினா ஒண்ணும் தெரியாது, இறங்கினப்புறம்தான் வேலையக் காட்டும்."

"கொஞ்சம் கொஞ்சமாவா?" டீச்சருக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. "அட கடவுளே, இதைத்தானே நான் தினமும் ஊருக்கெல்லாம் சொல்றேன்!"

"சரி, ஏன் தூக்குச்சு?" என்றார் அடுத்து.

"புது டயருக்கா."

"இதே டயர்லதான் போன மாசமும் ஓட்டினேன். அப்ப தூக்கலையே?"

"அப்ப பிசின்."

"அதுவும் போன மாசம் தெளிச்சாங்களே."

மெக்கானிக் ஸ்பேனரைத் தேடுவதுபோல் காருக்கு அடியில் இன்னும் உள்ளே போய்விட்டார்.

பதில் ஆஸ்பத்திரி வராந்தாவில் கிடைத்தது. தண்ணீர் பாட்டில், போர்வை, மாற்றுத்துணி என்று ஒரு கனமான பையைச் சக்கர நாற்காலியின் பின் கைப்பிடியில் மாட்டியிருந்தார்கள். மாமியார் எழுந்து கட்டிலுக்கு மாறினார். நாற்காலி அப்படியே முன் சக்கரங்களைத் தூக்கி மல்லாக்க விழுந்தது.

டீச்சர் அதைத் தூக்கவில்லை. வாயைத் திறந்தபடி பார்த்துக்கொண்டே நின்றார். "அத்தை... தூக்கிடுச்சு."

மாமியாரும் கட்டிலிலிருந்து எட்டிப் பார்த்தார். "பின்னால பை. ஏம்மா, நம்ம கார்ல பின்னால என்ன பை மாட்டியிருந்துச்சு?"

"டிக்கி காலி அத்தை. நாற்காலியைக்கூட இறக்கி வச்சுட்டோம்." டீச்சர் விழுந்த நாற்காலியைச் சுற்றி வந்தார். "பெட்ரோல் டேங்க் அங்கதான் இருக்கு. பின் சக்கரத்துக்கும் பின்னால. ஆனா நான் ரேஸுக்குக் கால் டேங்க்தான் வைப்பேன்..."

இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். வீட்டுக்காரரின் வழக்கம் இரண்டு பேருக்கும் தெரியும். திங்கட்கிழமை காலையில் பங்க்கில் கூட்டம் நெரியும், ஆஸ்பத்திரிக்கு நேரமாகிவிடும் என்று முதல் நாளே டேங்கை நிரப்பி வைத்துவிடுவார். அந்த ஞாயிறு சாயங்காலம் வரை காத்திராமல், ரேஸுக்கு முன்னாலேயே நிரப்பியிருக்கிறார். கழுத்து வரை.

"அவன்கிட்ட சொல்லாதே," என்றார் மாமியார். "தன்னாலதான் இப்படி ஆச்சுன்னு தெரிஞ்சா அவன் சோறு தண்ணி இறங்காம கிடப்பான். சின்ன வயசுல இருந்தே அப்படித்தான்."

டீச்சர் சொல்லவில்லை. டேங்கைத் தானே பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்தார். மிச்சம் இருந்தது வலது கால். அதற்கு மாமியார் ஒரு வழி கண்டுபிடித்தார். எந்த நேரத்தில் வேண்டுமானாலும் "தூக்குது!" என்று கத்துவார். டீச்சர் உடனே கையில் இருப்பதை விட்டுவிட்டு, கண்ணுக்குத் தெரியாத ஸ்டியரிங்கை நேராகப் பிடித்துக்கொண்டு, வலது காலை மெல்ல மெல்லத் தளர்த்த வேண்டும். பாத்திரம் கழுவும்போது கத்துவார், துணி காயப்போடும்போது கத்துவார். ஒருமுறை டீச்சர் குளியலறையில் இருந்தபோது கத்தினார். "எதுக்கும்மா இப்படிக் கத்தறே?" என்று மகன் ஊசியும் கையுமாக ஓடிவந்தார். "கொசுடா," என்றார் மாமியார். முதலில் டீச்சரின் கால் ஒவ்வொரு தடவையும் தரையைக் குத்தியது. போகப் போகக் குத்துவது குறைந்தது. பிறகு ஒருநாள் குத்தவில்லை.

கார் சரியாகி வந்தது. முன்பக்கம் சட்டென்று எழும்பாமலிருக்க, ஷாக் அப்சார்பர்களை மெக்கானிக் இறுக்கிக் கொடுத்தார். அடுத்த ரேஸுக்குக் குடும்பத்தில் மூன்று பேரும் போனார்கள். டேங்கில் கால் பங்குதான் என்று வீட்டிலேயே பார்த்துவிட்டு டீச்சர் கிளம்பினார். காரை அங்கே விட்டுவிட்டு, ஓட்டுகிறவர்களுக்கான கூட்டத்துக்குப் போனார். திரும்பி வந்து நேராக ஏறி உட்கார்ந்தார். 'வண்டியில ஏறினதும் முள்ளு எல்லாத்தையும் ஒரு தடவ பாருங்க' என்று மாணவர்களுக்குத் தினமும் ஓதுகிற அதே ஆள், எஞ்சின் வேகத்தையும் விளக்கையும் மட்டும் பார்த்தார். ஊருக்குத்தான் உபதேசம்!

வேலிக்குப் பின்னால் மாமியாரின் நாற்காலி. பக்கத்தில் வீட்டுக்காரர், கையைக் கட்டிக்கொண்டு. சூரியன் இறங்கி, பாதை குளிரத் தொடங்கியிருந்தது. பச்சை.

தூக்கியது.

முன்பைவிட மெதுவாகத்தான் தூக்கியது, ஆனால் தூக்கியது. மறுபடி பானெட், மறுபடி ஆகாயம். வேலிக்குப் பின்னால் மாமியார் கத்தினாரா இல்லையா என்று எஞ்சின் சத்தத்தில் யாருக்கும் தெரியாது. டீச்சருக்குக் கேட்டது. கை நேராக நின்றது. வலது கால் துடித்தது, பிரேக் பக்கம் போகட்டுமா என்று கேட்டது. போகாதே, குழந்தை தூங்குகிறது என்றார் டீச்சர் அதனிடம். கொஞ்சம் எடுத்தார். இன்னும் கொஞ்சம். ஆகாயம் மேலே போனது, பாதையின் தூரத்து முனை தெரிந்தது, அப்புறம் பக்கத்துக் கோடு தெரிந்தது. எப்போது சக்கரம் தரையைத் தொட்டது என்று அவருக்கே தெரியவில்லை. கார் நேராக ஓடிக்கொண்டிருந்தது. பக்கத்துக் கார்க்காரர் எப்போதோ ஜெயித்துவிட்டுத் திரும்பி வந்துகொண்டிருந்தார். யாருக்கு வேண்டும் ஜெயம்?

கார் திரும்பி வந்து நின்றதும் வீட்டுக்காரர் ஓடி வந்தார். பெண்டாட்டியைப் பார்த்தார், கையைத் தொட்டுப் பார்த்தார், அப்புறம் நல்ல சட்டையோடு அப்படியே தரையில் படுத்துக் காருக்கு அடியில் தலையை விட்டார். ஒரு சொட்டு ஒழுகவில்லை. ஹெட்லைட் இரண்டும் இருந்த இடத்தில் இருந்தன. எழுந்து நின்று, "எல்லாம் சரி பண்ணித்தானே வந்தோம்? அப்புறம் ஏன் தூக்குச்சு?" என்றார்.

அவர் வாயில் 'ஏன்'! டீச்சர் பெட்ரோல் முள்ளைப் பார்த்தார். முழு டேங்க்.

"அதுவா," என்றார் அவர், டீச்சரின் பார்வை போன இடத்தைப் பார்த்து. "நீ கூட்டத்துக்குப் போனப்ப பார்த்தேன், கொஞ்சம்தான் இருந்துச்சு. அங்க ஓரத்துல பெட்ரோல் வித்துக்கிட்டிருந்தாங்க, போட்டுட்டேன். நாளைக்குக் காலையில அம்மாவுக்கு..."

அதற்குள் மாமியாரின் நாற்காலியை யாரோ பக்கத்தில் தள்ளிக்கொண்டு வந்திருந்தார்கள். அவரால் அதற்கு மேல் அடக்க முடியவில்லை. நாற்காலியே குலுங்கும்படி சிரித்தார். "நீதான்டா தூக்கிவிட்ட! என் மருமகளை ரெண்டு தடவையும் தூக்கிவிட்டது நீதான்டா மகனே!"

டீச்சர் ஆஸ்பத்திரி வராந்தாவையும் பையையும் நாற்காலியையும் சொன்னார். அவர் கேட்டுக்கொண்டே வந்தார். பாதியிலேயே புரிந்துவிட்டது, முகத்தைப் பார்த்தால் தெரிந்தது. "அப்போ அன்னைக்கும்..." என்றார். பக்கத்தில் கிடந்த பழைய டயர்மேல் உட்கார்ந்துவிட்டார். "நான் உன்னை அவ்வளவு பேசினேனே. ஏன் சொல்லல?"

"சொன்னா நீங்க நிரப்பறதை விட்டுடுவீங்க," என்றார் டீச்சர். "எனக்கு அது பிடிக்கும்ங்க. ஞாயித்துக்கிழமை சாயங்காலம் நீங்க சாவியை எடுத்துக்கிட்டுப் போறது. ரேஸ் இல்லாட்டியும் நான் இருந்துடுவேன். காரை வித்துக்கோங்க."

அவர் எழுந்து, டேங்க் மூடி இறுக்கமாக இருக்கிறதா என்று திருகிப் பார்த்தார். "எதுக்கு விக்கணும்?" என்றார். "ரேஸ் முடிஞ்சப்புறம் நிரப்பினா போச்சு."

மறுநாள் விடிந்ததும் மூன்று பேரும் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். பங்க்கில் வரிசை தெரு முனை வரை நின்றது, அவர்கள் அதைக் கடந்து போனார்கள். வாசலில் வீட்டுக்காரர் நாற்காலியை விரித்து, அம்மாவை உட்காரவைத்தார். பையை எடுத்துப் பின் கைப்பிடியில் மாட்டப் போனார். நின்றார். அதைத் தன் தோளில் மாட்டிக்கொண்டு நாற்காலியைத் தள்ளினார்.