எலுமிச்சம்பழத்தில் ஏறிய கார்

பெட்டிகளில் வந்த பாகங்களை வோபர்னில் உள்ள எங்கள் வீட்டுக் கராஜுக்குள் ஒவ்வொன்றாகப் பூட்டி, நானே ஒரு சிவப்புக் கார் கட்டினேன். அது பரிசோதனையில் தேறிப் பதிவும் முடிந்து, இலக்கத்தகடு கைக்கு வந்த அன்று சந்தோஷத்தில் எனக்குச் சாப்பாடே இறங்கவில்லை.

முதல் ஓட்டம் சனிக்கிழமை கோயிலுக்கு என்று குறித்து, வாகனக் காப்புறுதியும் அன்று தொடங்கும்படி முகவரிடம் கேட்டிருந்தேன். மனைவி பஞ்சாங்கத்தைப் பார்த்து, "சனி அட்டமி, நல்ல காரியத்துக்குக் கூடாது. வெள்ளி காலமையே போவம்" என்றாள். உடனே ஐயருக்கும் உறவினருக்கும் பூக்கடைக்கும் நாள் மாறியதைச் சொன்னேன்.

வெள்ளி காலை, வீட்டு முன் டிரைவேயில் நாலு சில்லுக்கும் கீழே எலுமிச்சம்பழம் வைத்து எஞ்சினை இயக்கினேன். அந்த உறுமலில் நெஞ்சு நிறைந்தது. அப்போது எங்கள் காப்புறுதி முகவரான தமிழ்ப் பிள்ளை போன் எடுத்தாள்.

"அங்கிள், நாளைக்குத்தானே ஓடப்போறீங்கள்? வாழ்த்துச் சொல்லத்தான் எடுத்தனான்."

"இல்லைப் பிள்ளை, இப்ப வெளிக்கிடுறன்."

"ஐயோ, ஓடாதேங்கோ. காப்புறுதி நாளைக்குத்தான் தொடங்குது. இண்டைக்கு ஆரையும் இடிச்சால் நட்டஈடு கட்டியே வீடும் போயிடும்."

எஞ்சினை நிறுத்தினேன். சுற்றி நின்ற உறவினரிடம் விஷயத்தைச் சொன்னேன்.

"நல்ல நேரம் முடியப்போகுது, அத்தான். தள்ளுவமே?" என்றான் மனைவியின் தம்பி.

வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு எல்லோரும் தள்ள, கார் பழங்களை நசுக்கி, நடைபாதைக்கு ஒரு முழம் முன்னால், எங்கள் வளவுக்குள்ளேயே நின்றது.

"எஞ்சின் இல்லாமலே ஓடுது அத்தான், பெற்றோல் மிச்சம்."

அடுத்த நாள், அட்டமியிலேயே கோயிலுக்கு ஓட்டிப் போனேன். பக்கத்தில் மனைவி சிரித்துக்கொண்டே வந்தாள். இப்போதெல்லாம் நாள் மாறினால் முதலில் அந்தப் பிள்ளைக்குத்தான் போன் எடுக்கிறேன். ஐயருக்கு அதற்குப் பிறகுதான்.