கழுவாத டேங்க்

அன்று கொழுந்தனார் வீட்டில் இருந்தவர்கள் இவர்கள். எங்கள் ஊர்க் கோயில் உபதேசியார். கொழுந்தனார். அவர் சம்சாரம், அதாவது என் ஓரகத்தி. மேற்கு வீட்டுக்காரர். அவர் மனைவி. தினம் பஸ்ஸில் திண்டுக்கல் போய் நர்சுக்குப் படித்து வரும் என் மகள். வாசல் பக்கம் சுவரை ஒட்டி நான்.

அது அன்பியக் கூட்டம். எங்கள் தெருவில் உள்ள கத்தோலிக்கக் குடும்பங்கள் வாரம் ஒரு வீட்டில் கூடி ஜெபம் சொல்வோம். குருத்தோலை ஞாயிறுக்கு முந்தின சனிக்கிழமை, மத்தியானம். பெரிய வியாழன் பூசையில் சாமியார் பன்னிரண்டு பேருக்குக் கால் கழுவுவார். அன்பியத்துக்கு ஒரு ஆள் தர வேண்டும். எங்கள் பங்குக்கு அன்று பெயர் சொல்ல வேண்டும்.

அதற்கு ஒன்றரை மாதம் முந்தி நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

என் வீட்டுக்காரர் இறந்த பிறகு எனக்கும் கொழுந்தனாருக்கும் தோட்டம் இரண்டாகப் பிரிந்தது. போர்க் கிணறு ஒன்றுதான். இரண்டு பேருமே மல்லி போட்டிருந்தோம். விடியும் முன்னே பறித்தால்தான் நிலக்கோட்டைப் பூச்சந்தைக்குப் போகும் வேனில் ஏற்றலாம். ஒரு நாள் தண்ணீர் முறையில் எனக்கும் ஓரகத்திக்கும் பேச்சு முற்றியது.

“ஆம்பள இல்லாத வீட்டுக்கு எதுக்கு அம்புட்டுத் தண்ணி?” என்றாள்.

நான் வீட்டுக்கு வந்துவிட்டேன்.

இரண்டு நாள் கழித்து என் வரப்பில் களைக்கு மருந்து அடித்தேன். முதுகில் மாட்டி அடிக்கிற அந்த டேங்க்கைக் கழுவவில்லை. அடியில் கொஞ்சம் மருந்து கிடந்தது. மறுநாள் கழுவிக்கொள்ளலாம் என்று பம்புசெட்டில் வைத்தேன். காலையில் கொழுந்தனார் வந்தார்.

“மதினி, எங்க டேங்கு ஒழுகுது. மொட்டுல புழு. உங்கள்த எடுத்துக்கிறவா?”

“எடுத்துக்கங்க” என்றேன்.

அவ்வளவுதான் சொன்னேன். கழுவாதது எனக்குத் தெரியும். நாக்கு வரைக்கும் வந்தது. விழுங்கிவிட்டேன்.

அடியில் கிடந்ததைத் தண்ணீர் என்று நினைத்து அவர் அதன் மேலேயே புழு மருந்தைக் கலந்துவிட்டார். முதல் டேங்க் அடித்த கிழக்குப் பக்கம் பூராவும் பத்து நாளில் மஞ்சளாகிப் போனது. அப்புறம் காய்ந்தது. பூ வருகிற நேரம்.

செடி போனதோடு நிற்கவில்லை. கொழுந்தனார் முன்னே குடிப்பார். விட்டு மூன்று வருடம் ஆகியிருந்தது. கோயிலில் எல்லோர் முன்பும் வார்த்தைப்பாடு கொடுத்து விட்டவர். இப்போது ஊரே சொன்னது, மறுபடி ஊற்றிக்கொண்டு தெரியாமல் களை மருந்தைக் கலந்துவிட்டான் என்று. ஓரகத்தி அவர் வாயை மோந்து பார்த்தாள். பீரோவுக்கு அடியில் பாட்டில் தேடினாள். அவர் இல்லை என்று ஒரு தடவை சொன்னார். பிறகு சொல்வதையே விட்டுவிட்டார்.

அந்தத் தவக்காலத்தில் நான் பூசையில் நன்மை, அதாவது நற்கருணை, வாங்க எழவில்லை. பாவத்தோடு அதை வாங்கக் கூடாது. எல்லோரும் வரிசையில் போவார்கள். நான் தரையில் உட்கார்ந்திருப்பேன். மகள் கேட்டாள். முழங்கால் வலி என்றேன். அது இன்னொரு பொய்.

கூட்டம் நடந்த அந்தச் சனிக்கிழமை காலையில்தான் பாவசங்கீர்த்தனம் கேட்க வெளியூர்ச் சாமியார்கள் வந்திருந்தார்கள். நான் கடைசி ஆளாகப் போனேன். பாவசங்கீர்த்தனத் தொட்டியின் மரத் தட்டிக்கு முன்னே முழங்கால் போட்டு எல்லாவற்றையும் சொன்னேன். அழவில்லை. சாமியார் வயசானவர். கேட்டுவிட்டு, “ஆண்டவர் மன்னிச்சிட்டாரும்மா” என்றார். ஐம்பத்துமூன்று மணி ஜெபமாலை சொல்லச் சொன்னார்.

“அம்புட்டுத்தானா சாமி?” என்றேன்.

“அவருக்கு அம்புட்டுத்தான்.”

“கொழுந்தனார்ட்ட சொல்லணுமா?”

அவர் தட்டிப் பக்கம் குனிந்தார். பிறகு சொன்னார். “இங்க கேட்டத நான் யார்ட்டயும் சொல்லக் கூடாது. அது எனக்குச் சட்டம். உங்களுக்கு இல்ல.”

எழுந்து வந்தேன். ஆறு வாரமாக நெஞ்சில் இருந்தது போய்விட்டது. கொடுக்க ஒன்றும் இல்லாமல் போய் மன்னிப்பு வாங்கி வந்தேன். ஆனாலும் என் பழி இன்னொருத்தர் தலையில்தான் இருந்தது.

மத்தியானக் கூட்டத்தில் உபதேசியார் கொழுந்தனார் பெயரைச் சொன்னார். மேற்கு வீட்டுக்காரர் சிரித்தார்.

“ஏன் உபதேசியாரய்யா, வேற காலே கெடைக்கலியா? தண்ணியும் மருந்தும் அடையாளந் தெரியாத மாப்ள. கழுவுற தண்ணியக் குடிச்சிறப் போறாரு.”

அவர் மனைவியும் சிரித்தாள். ஓரகத்தி தலையைக் குனிந்துகொண்டாள். கொழுந்தனார் எழுந்தார்.

“வேணாம்யா. வேற ஆளப் போடுங்க” என்றார். சட்டையை எடுத்துத் தோளில் போட்டு வெளியே கிளம்பினார். வாசலில் நான்.

“தம்பி, உக்காருங்க” என்றேன்.

“இருக்கட்டும் மதினி.”

“உக்காருங்க. அந்த டேங்க்ல களை மருந்து இருந்துச்சு. எனக்குத் தெரியும். தெரிஞ்சேதான் குடுத்தேன். நீங்க குடிக்கல.”

மகள் என் சேலையைப் பிடித்து இழுத்தாள். நான் நிறுத்தவில்லை. எந்த நாள், எதற்குக் கோபம், எல்லாம் சொன்னேன். சொல்லி முடித்துக் கை கட்டி நின்றேன். என் வாயால், அத்தனை பேர் முன்னால் சொன்னேன். இன்றைக்கும் எனக்கு அதில் பெருமைதான்.

கொழுந்தனார் தோளில் கிடந்த சட்டையை எடுத்தார். மாட்டினார். பட்டனைப் போட்டார்.

“நானும் மோந்து பாத்துருக்கணும் மதினி” என்றார். “விடுங்க.”

அந்த ஒரு வார்த்தைக்கு அந்த மனுசனைப் பெற்றவர்கள் கும்பிடத் தக்கவர்கள். ஒரு மாதம் ஊர்ச் சிரிப்பைச் சுமந்தவர். என்னை ஒரு சொல் ஏசவில்லை.

மேற்கு வீட்டுக்காரர் நெளிந்தார். “மாப்ள, பேசுன வாயக் கழுவணும்.”

“சாமி காலுக்கே தண்ணி வச்சிருக்காரு. மிச்சம் இருந்தா கேட்டு வாங்கித் தாரேன்” என்றார் கொழுந்தனார்.

உபதேசியார் நோட்டில் அவர் பெயரை எழுதினார்.

ஓரகத்தி மட்டும் எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டாள். திரும்பி வரவில்லை.

பெரிய வியாழன் அன்று கொழுந்தனார் வெள்ளை வேட்டியில் பெஞ்சில் உட்கார்ந்தார். பித்தவெடிப்புக் கால். சாமியார் கழுவித் துடைத்து முத்தம் கொடுத்தார். ஊர் பார்த்தது. நான் நிமிர்ந்து உட்கார்ந்து பார்த்தேன். எங்கள் வீட்டுக் கால் அது. நன்மை வாங்க வரிசையில் நின்றேன். முழங்கால் வலிக்கவில்லை என்று மகளிடம் சொன்னேன். “தெரியும்” என்றாள்.

ஓரகத்தி பேசவில்லை. தண்ணீர் முறை சொல்லக்கூட மகளிடம்தான் சொல்லி அனுப்பினாள். நான் குறையாக நினைக்கவில்லை. ஆண்டவருக்கு மன்னிக்க ஒரு நிமிஷம் போதும். அவள் ஆண்டவர் இல்லை. செடி அவள் கையால் ஊன்றி அவள் கவாத்து பண்ணியது. புருசனைச் சந்தேகப்பட்ட வெட்கம் வேறு. நேரம் எடுக்கட்டும் என்று இருந்தேன்.

ஆடியில் ஒரு காலை என் வாசலில் வந்து நின்றாள். இடுப்பில் கூடை.

“ஏக்கா, பதியன் வந்து எறங்கியிருக்கு. கெழக்க ஊண்டணும். வாரியா?”

“வாரேன்.”

“டேங்க மட்டும் தூக்கிட்டு வந்துறாத.”

சொல்லிவிட்டுத் திரும்பிக்கொண்டாள். சிரித்தாள் என்று முதுகைப் பார்த்தே தெரிந்தது.

மகளைக் கூப்பிடவில்லை. நான்தான் போனேன். கொழுந்தனார் குழி போட்டு வைத்திருந்தார். அவள் ஒரு வரிசை, நான் ஒரு வரிசை. மத்தியானக் கஞ்சியை எனக்கும் அவளே ஊற்றினாள். பொழுது சாய்வதற்குள் முடிந்தது. அவள் ஊன்றியதை அவள் எண்ணிக்கொண்டாள். நான் என்னுடையதை எண்ணினேன்.

நூற்று முப்பத்தேழு.