அடித்தவளுக்குத்தான் அம்மா

நானும் அக்காவும் இரட்டைப் பிள்ளைகள். எனக்குச் சற்று முன்னால் பிறந்ததால் அவள் அக்கா. கொல்லிமலையில் வளப்பூர் நாட்டுப் பக்கம் எங்கள் வீடு. ஐந்தாம் வகுப்பில் ஆண்டு விழா நடனத்துக்குப் பிள்ளைகளே குழு சேர்த்தார்கள். என்னைக் கூப்பிட்டார்கள். அவளிடம், "நீ வேண்டாம்" என்று சொல்லிவிட்டார்கள். சொன்னவர்களை அவள் ஒன்றும் செய்யவில்லை. சாப்பாட்டு டப்பாவால் என் நெற்றியில் ஓங்கி அடித்தாள்.

தையல் எனக்குப் போட்டார்கள். அன்று அம்மாவை ஒட்டிப் படுத்துத் தூங்கியது அவள்.

யாராவது ஒதுக்கினால் கைநீட்டுவது அவளுக்குப் புதிதல்ல. அதனால் அம்மா எங்களை நாமக்கல்லில் ஒரு டாக்டரம்மாவிடம் கூட்டிப்போனாள். மலை இறங்கும்போது பஸ்ஸில் நான் வாந்தி எடுத்தேன். அப்போதும் அம்மாவின் கை அவள் தோளில்தான் கிடந்தது.

"கோபம் வந்தா நிறுத்திப் பிடிக்கிற பாகம் மூளையில இருக்குதுங்க. அது வளர நாளாகும். இரட்டைப் பிள்ளைங்கன்னாலும் ஒரே மாதிரி வளரணும்னு இல்லீங்க. இவளை அடிக்காதீங்க, பக்கத்துல இருங்க" என்றார் டாக்டரம்மா.

அம்மா அதை அப்படியே பிடித்துக்கொண்டாள். மிளகு பறிக்கப் போனாலும் அவளைக் கூட்டிக்கொண்டாள், பேச்சுக் கொடுத்தபடியே இருந்தாள். எனக்கு வயிறு எரிந்தது. என் மூளை சீக்கிரம் வளர்ந்ததற்கு நான் என்ன செய்வேன்? ஒருநாள் வேண்டுமென்றே தண்ணீர்க் குடத்தைத் தள்ளிவிட்டேன்.

"நீயுமா சாமி? உனக்குத்தான் எல்லாம் தெரியுமே" என்று சொல்லிவிட்டு அம்மா துடைக்கத் துணி எடுக்கப் போனாள். அவ்வளவுதான்.

எட்டாம் வகுப்பில் அவளை எறிபந்து அணியில் சேர்க்கவில்லை. முகம் சிவந்து என்னிடம் ஓடி வந்தாள். நான் நெற்றியை மூடிக்கொண்டேன்.

"அடிக்கக் கை வருதுடி. புடிச்சுக்க" என்றாள்.

இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டேன். கோபம் அடங்கும்வரை அவள் அழுதாள்.

விஷயம் தெரிந்ததும் அம்மா கோழிக்குழம்பு வைத்தாள். "எம்புள்ள இன்னைக்கு யாரையும் அடிக்கல" என்று சொல்லிச் சொல்லிப் பரிமாறினாள்.

"நான் என்னைக்குமே அடிச்சதில்லையே, எனக்கு எப்ப வெச்சீங்க?" என்று கேட்டேன்.

அம்மா கரண்டியோடு நின்றுவிட்டாள். "நீ கேக்கவே இல்லியே கண்ணு" என்றாள். பிறகு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். நான் சாப்பிட்டு முடிக்கும்வரை எழுந்திருக்கவில்லை.

இப்போது இருவரும் வேறு வேறு ஊர்க் கல்லூரிகளில் படிக்கிறோம். அம்மா போன் பண்ணினால் முதலில், "அக்கா பேசுனாளா?" என்றுதான் கேட்கிறாள். இன்னும் எரிகிறது.