பச்சைக் கட்டத்தில் எங்கள் குழாய்

எங்கள் வீட்டுக் குழாயின் வாயில் வெள்ளைத் துணி கட்டியிருப்போம். காலையில் கட்டினால் சாயங்காலத்துக்குள் செம்மண் நிறமாகிவிடும். ரப்பர் போய்ச் செம்பனை வந்தது, தோட்டம் கைமாறியது, நாங்கள் இருந்த வரிசை வீட்டு லயத்தை இடித்துப் புது வீடும் கட்டிக் கொடுத்தார்கள். மண்ணுக்கு அடியில் மட்டும் அதே துருப்பிடித்த பைப். காய்ச்சிக் குடித்தால் ஒன்றும் ஆகாது என்று எங்களுக்கு நாங்களே டாக்டர்.

மகள் பிரசவத்துக்கு வந்தபோது அந்த வைத்தியம் செல்லவில்லை. பிள்ளைக்குப் பால் மாவு கலக்க இந்தத் தண்ணீரைத் தொடமாட்டேன் என்றாள். ஈப்போவிலிருந்து மோட்டார் சைக்கிளில் போத்தல் தண்ணீர் சுமந்தேன்.

"தண்ணி நல்லதுன்னு யாராவது எழுதிக் குடுக்கட்டும்ப்பா. இல்லன்னா நான் மாமியார் வீட்டுக்கே போறேன்."

தண்ணீர் அலுவலகத்துக்குப் போனேன். கவுண்ட்டரில் இருந்த பெண் கணினியைத் திருப்பிக் காட்டினாள். பக்கம் முழுக்கப் பச்சைக் கட்டங்கள்.

"எல்லாம் பாஸ் அங்கிள். உங்க ஏரியா பச்சையா இருக்கு, பாருங்க லா."

"எங்க வீட்டுல செவப்பா இருக்கே."

சோதித்தது எங்கே பிடித்த தண்ணீர் என்று கேட்டேன். வேறொரு பக்கத்தைத் திறந்தாள். சுத்திகரிப்பு நிலையம், குன்றின் மேல் தொட்டி, டவுனில் ஒரு பள்ளிக்கூடம். எங்கள் தோட்டம் அதில் இல்லை. அவர்கள் பொறுப்பு தோட்டத்து வாசல் மீட்டரோடு முடிகிறதாம். அதற்கு உள்ளே தோட்ட முதலாளி பாடு. ஆக, அந்தப் பச்சை பொய்யில்லை. எங்களைப் பற்றியதே இல்லை. பள்ளிக்கூடத்துக் குழாய் பாஸானால் நாங்களும் பாஸ்.

ஆள் அனுப்பும்வரை நகரமாட்டேன் என்று நின்றேன். ஒப்புக்கொண்டார்கள்.

ஆபீசர் வந்த அன்று காலை, இரவுக் காவல் ஜாகா வேலை முடிந்து நான் வீடு சேரத் தாமதமாகிவிட்டது. வாசலில் கார் நின்றது. குழாய் கோயில் விளக்கு மாதிரி மின்னியது. துணியைக் காணோம். விடியுமுன்பே என் மனைவி குழாயைத் திறந்து, சிவப்பு போகும்வரை ஓடவிட்டிருக்கிறாள். புளி போட்டுத் தேய்த்தும் இருக்கிறாள். ஆபீசர் பிடித்து வைத்திருந்த தண்ணீர் கண்ணாடி போல இருந்தது. அவர் கையில் டீ. அதுவும் நான் சுமந்து வந்த தண்ணீரில் போட்டது.

அவர் போனதும், "யாரு ஒன்னத் தேய்க்கச் சொன்னா?" என்றேன்.

"ஆபீசர் வாராரு. அழுக்குக் கொழாயவா காட்டுறது? நம்மள என்ன நெனைப்பாரு?"

துரை வருகிறார் என்றால் லயத்துக்குச் சுண்ணாம்பு அடித்த கூட்டம் இது. துரைமார் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். சுண்ணாம்பு வாளியை நாங்கள் இன்னும் கீழே வைக்கவில்லை.

சில வாரங்கள் கழித்து மகள் போனில் அந்த அலுவலகப் பக்கத்தைத் திறந்து நீட்டினாள். எங்கள் தோட்டத்துக்கும் ஒரு கட்டம் வந்திருந்தது. பச்சை.

"எழுதியே குடுத்துட்டாங்கல்ல, இந்தத் தண்ணியிலயே பால் கலக்கேன்," என்றாள் என் மனைவி.

மகள் குழாயைப் பார்த்தாள். துணி மறுபடி சிவந்திருந்தது. பிள்ளையின் சட்டைகளை மடித்துப் பையில் வைக்க ஆரம்பித்தாள்.

அவளை இருக்கச் சொல்லிவிட்டு மறுபடியும் அந்தக் கவுண்ட்டரில் போய் நின்றேன். மறுபடியும் ஆள் வரப்போகிறார். குழாய்ப் பக்கம் போகாதே, துணியை அவர் அவிழ்க்கட்டும் என்று மனைவியிடம் சொல்லிவிட்டேன்.

"அப்ப அவருக்கு டீ?"

"போடு. கொழாத் தண்ணியில போடு. அவரு குடிச்சா பிள்ளைக்கும் கலக்கலாம்."