போயிடாதீங்க சார்!

வெளியூர் ஆளை அழைத்து வருவது ஒரு வேலை, வந்த ஆள் ஓடிவிடாமல் பார்த்துக்கொள்வது இன்னொரு வேலை. இரண்டுக்கும் சேர்த்து எனக்கு ஒரே சம்பளம். அறுபதுகளின் தொடக்கத்தில், அரியமங்கலத்தில் இரும்பு வார்க்கும் ஒரு பவுண்டரியில் பர்சனல் பிரிவில் இருந்தேன். பிரிவு என்றால் நானும் ஒரு மேஜையும்தான். இந்த மாதிரி நாற்காலியில் குப்பை கொட்டியவர்களுக்கு என் பயம் சொல்லாமலே புரியும். யாராவது எதிரில் வந்து நின்று, "சார், ஒரு விஷயம்..." என்று இழுத்தாலே ராஜினாமாக் கடிதம்தான் என்று தோன்றுமே, அந்தப் பயம்.

ஜங்ஷனில்

நாங்கள் வார்த்த பம்பு உறைகளில் பாதி விரிசலோடு வந்துகொண்டிருந்தன. கோயமுத்தூர்க்காரர்கள் எங்கள் வாடிக்கையை ஒவ்வொன்றாக இழுத்துக்கொண்டிருந்தார்கள். முதலாளி எங்கெங்கோ சொல்லிவைத்து, பம்பாயில் பெரிய பவுண்டரியில் இருந்த மோகன்ராஜ் என்ற இன்ஜினீயரை வரவழைத்தார். "தங்கவேலு, அவர் இங்க நிலைக்கலைன்னா பட்டறையை இழுத்து மூடிட வேண்டியதுதான். அப்புறம் உனக்கும் வேலை கிடையாது" என்று என்னிடம் சொல்லிவிட்டார்.

கத்திரி வெயிலில் மாலையும் கையுமாக ஜங்ஷனில் நின்றேன். மோகன்ராஜ் இறங்கினார். பின்னாலேயே அவர் மனைவி சரோஜா. தமிழ்க் குடும்பம்தான், ஆனால் அந்த அம்மா பிறந்து வளர்ந்தது முழுக்க பம்பாய். பிளாட்பாரத்தில் கால் வைத்ததும் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார். அதை விலக்காமலே என்னிடம் கேட்டார்: "திரும்பிப் போற வண்டி எத்தனை மணிக்கு?"

ஸ்ரீரங்கத்து வீடு

நல்ல கிணற்றுத் தண்ணீர், ஆற்றுக்காற்று. ஸ்ரீரங்கத்தில் குடிவைத்துவிட்டால் அந்த அம்மா மனசு மாறும் என்று கணக்குப் போட்டேன். உத்தர வீதியில் ஒரு வீட்டின் மாடி காலியாக இருந்தது. வீட்டுக்காரர் ரிடையரான வாத்தியார். மோகன்ராஜ் சைவம் என்று கேட்டதுமே அவருக்குத் திருப்தி. சாவியைக்கூட எடுத்துவிட்டார். அப்போது சரோஜா மிக மரியாதையாக, "எனக்கு டாக்டர் தினம் ஒரு முட்டை சாப்பிடச் சொல்லியிருக்கார். மாடியில அவிச்சுக்கலாமா?" என்று கேட்டுவிட்டார்.

வாத்தியார் முகம் பேயறைந்த மாதிரி ஆகிவிட்டது. என் முகம் அதைவிட மோசமாக இருந்திருக்கும். சாவி மறுபடி மடியில் போய்விட்டது. உண்மையிலேயே வருத்தத்தோடு அவர் சொன்னார்: "சொல்லாம இருந்திருந்தா நேக்குத் தெரிஞ்சே இருக்காதே, சொல்லிட்டேளே அம்மா!"

சாக்கும் கயிறும்

கடைசியில் புத்தூரில் ஒரு வீடு அமைந்தது. ஓட்டு வீடு, மேற்கே பார்த்த ஜன்னல்கள். ஒருநாள் காந்தி மார்க்கெட்டில் காய்கறி வாங்கிக்கொண்டிருந்தேன். சாக்குக் கடையில் சரோஜா நின்றுகொண்டிருந்தார். ஒரு கட்டு சாக்கு, பெரிய கயிற்றுச் சுருள், கோணி ஊசி. சாமான் கட்டுகிறார்கள்! பையைக் கத்தரிக்காய்க்காரியிடமே போட்டுவிட்டு ஓடினேன்.

"அம்மா, எதுவா இருந்தாலும் பேசித் தீர்த்துக்கலாம், வீடு பிடிக்கலைன்னா வேற பாக்கறேன்" என்று மூச்சு வாங்கக் கெஞ்சினேன். அவர் முதலில் திகைத்தார். பிறகு சிரித்தார்: "ஜன்னல்ல நனைச்சுத் தொங்கவிட்டா அனல் அடங்குமாமே, பக்கத்து வீட்டம்மா சொன்னாங்க. அதுக்குப்போய் ஏன் இப்படி வேர்த்துக் கொட்டுது உங்களுக்கு?"

உலை ஆறிய நாள்

இது சிரிக்கிற சமாச்சாரம் இல்லை. மண்ணில் அச்சு எடுத்து இரும்பு ஊற்றுகிறவர்களை மோல்டர் என்போம். எங்கள் மோல்டர்களில் முக்கால்வாசிப் பேர் வையம்பட்டிப் பக்கத்து ஆட்கள். ஒரு மத்தியானம் அச்சு மண்ணில் ஈரம் தங்கிவிட்டது. உருகின இரும்பு உள்ளே போனதும் சீறிக்கொண்டு வெளியே தெறித்தது. கருப்பையாவின் முழங்காலுக்குக் கீழே வெந்துபோய்விட்டது. மோகன்ராஜ்தான் அவரைத் தூக்கிக் காரில் போட்டார். கருப்பையா போட்ட கூச்சல் இன்றைக்கும் என் காதில் இருக்கிறது.

மறுநாள் ஒரு மோல்டரும் வரவில்லை. உலை ஆறிக் கிடந்தது. மோகன்ராஜ், "கிளம்புங்க, அவங்க ஊருக்குப் போவோம்" என்றார். பஸ்ஸில் போகும்போது அடி விழும் என்றே நினைத்தேன். ஊர் எல்லையில் எல்லோரும் கூடிவிட்டார்கள். மோகன்ராஜ் சுற்றி வளைக்காமல் பேசினார். கருப்பையா பிழைத்துக்கொள்வார், கால் தேற நாளாகும், அதுவரை சம்பளம் வீட்டுக்கு வரும், இனி மண்ணை நானே சோதித்துப் பார்த்த பிறகுதான் ஊற்றவிடுவேன் என்றார். சடையன் என்கிற மூத்த மோல்டர் முன்னால் வந்து ஒன்றே ஒன்று கேட்டார்: "நாங்க இரும்பு ஊத்தறப்ப நீங்க எங்க சார் நிப்பீங்க?"

விளம்பரம்

"உங்க பக்கத்துல" என்று மோகன்ராஜ் சொன்னார். சொன்னபடியே நின்றார். கருப்பையா ஊன்றுகோலோடு வந்து ஸ்டோரில் வேலைக்கு உட்கார்ந்தார். விரிசல் குறைந்தது, ஆர்டர் வந்தது. நான் நிம்மதியாகத் தூங்க ஆரம்பித்த சமயத்தில், திருவெறும்பூர் பக்கம் சர்க்கார் பெரிய தொழிற்சாலை கட்டுகிறது, ஆட்கள் தேவை என்று பேப்பரில் விளம்பரம். பட்டறையில் தட்டச்சு யந்திரத்தை யார் தொட்டாலும் எனக்கு விண்ணப்பம் அடிப்பதாகத்தான் தோன்றும்.

மோகன்ராஜை அங்கே எடுத்துக்கொண்டுவிட்டார்கள். அவரே என்னிடம் வந்து சொன்னார். "போயிடாதீங்க சார்" என்றேன். அவர் சங்கடத்தோடு, "ஊரைவிட்டுப் போகலை தங்கவேலு. சரோஜாவுக்கு இங்க ஸ்கூல்ல டீச்சர் வேலை கிடைச்சிருக்கு, இனிமே அவளே கிளம்ப மாட்டா" என்றார். போகும் முன் மண் சோதிப்பதிலிருந்து உலை நிறம் பார்ப்பது வரை சடையனுக்குச் சொல்லிக்கொடுத்து, அவரையே மேஸ்திரியாக்கிவிட்டுப் போனார். முதலாளி மட்டும் என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. என் சீட்டு எப்போது கிழியும் என்று காத்திருந்தேன்.

ஒருநாள் கூப்பிட்டனுப்பினார். சீட்டு கிழிந்தது என்று நினைத்துக்கொண்டே போனேன். பெரிய தொழிற்சாலைக்குச் சில்லறை வார்ப்புகள் வேண்டுமாம். அக்கம்பக்கத்துப் பட்டறைகளிலேயே வாங்கலாம் என்று மோகன்ராஜ் அங்கே சொல்லியிருக்கிறார். அவர்கள் வந்து பார்த்துச் சோதித்து, எங்களுக்கும் பக்கத்து இரண்டு பட்டறைகளுக்கும் ஆர்டர் கொடுத்திருக்கிறார்கள். முதலாளி மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார்: "தங்கவேலு, அங்க அனுப்பறதுக்கு நம்மகிட்ட இன்னும் ரெண்டு பேர் தேறுவாங்களா, பாரு!"

ஆட்களைப் போகவிடாமல் பிடித்துவைக்கத்தான் எனக்குச் சம்பளம் கொடுத்தார்கள் என்றாலும், அத்தனை வருஷத்தில் கம்பெனிக்கு நான் உருப்படியாகச் செய்த ஒரே காரியம் ஓர் ஆளைக் கோட்டைவிட்டதுதான்.