விழுங்கியவளும் துப்பியவளும்

மகளின் கலியாணப் பேச்சுக்கு மாப்பிள்ளை வீட்டார் வருகிற ஞாயிற்றுக்கிழமையில்தானா எங்கள் சிஞோராவுக்கு வைன் பார்க்கப் போகவேண்டும்?

சிஞோரா என்றது, பலெர்மோவின் அல்பெர்கேரியாப் பகுதியில் நான் சமைக்கிற சின்னச் சாப்பாட்டுக்கடையின் சொந்தக்காரி. வயது என் வயதுதான், சத்தம் மட்டும் என்னைப்போல இரண்டு மடங்கு. பெரிய கொம்பனி வைனை அவளுக்குக் கண்ணிலும் காட்டக்கூடாது. மலைக்குப் பின்னால் யாரோ ஒரு கிழவன், தகப்பன் செய்தபடியே, மருந்து மாயம் போடாமல் ஒரு பீப்பா வைன் செய்கிறான் என்று காதில் விழுந்தால் போதும், செருப்பை மாட்டிவிடுவாள். இந்த முறை வலது கையில் மாவுக்கட்டு. கடை வாசலில் மீன் தண்ணீரில் வழுக்கி விழுந்திருந்தாள். ஆகவே வான் ஓட்ட நான்.

"மத்தியானத்துக்குள்ளை திரும்பியிடலாம்" என்றாள். அவளுடைய மத்தியானம் எப்போது வரும் என்பது இத்தனை வருடம் வேலை செய்தவளுக்குத் தெரியாதா? மகள் போகவேண்டாம் என்றாள். என் மனுசனும் போகவேண்டாம் என்றார். கெடுகுடி சொற்கேளாது. நான் போனேன்.

மாப்பிள்ளையை மகளே பார்த்துக்கொண்டாள். தங்கமான பொடியன். ஆனால் ஒன்றில் மட்டும் உறுதியாக நின்றான்: "அம்மா ஓம் எண்டாத்தான்." அந்த அம்மா போர்கோ வெக்கியோப் பகுதியில் இருக்கிறவர். சுத்த சைவம். வெள்ளி விரதம், பிரதோஷ விரதம், கந்தசஷ்டிக்கு வெறும் தண்ணீர். கோயிலில் அவருக்குப் பக்கத்தில் நிற்க நேர்ந்தால், முந்தின நாள் கருவாடு தின்றவர்கள் மூச்சை அடக்கிக்கொள்வார்கள். அவ்வளவு மூக்கு. அவருடைய ஒரு சொல்லுக்காக மகள் பல மாதங்களாகச் சாப்பாடும் சரியாக இல்லாமல் காத்திருந்தாள். விளக்கு வைக்கிற நேரம் வருவதாகச் சொல்லியிருந்தார். என் வீட்டு மீன் சட்டிகளையெல்லாம் முந்தின நாளே மேல்மாடிக்காரியிடம் கொடுத்து ஒளித்துவைத்திருந்தேன்.

முதலில் போனது ஓர் இளம் சோடியின் தோட்டத்துக்கு. ஒபிஸ் வேலையை விட்டுவிட்டு வந்து திராட்சை வளர்க்கிறார்கள். மண்சாடிகளை நிலத்தில் கழுத்துவரை புதைத்து, அதற்குள் வைனை விட்டு மூடிவைத்திருந்தார்கள். ஊற்றினால் சாயம் குறைந்த தேத்தண்ணிபோலக் கலங்கலாக வந்தது. சிஞோரா ஒரு வாய் எடுத்து, கன்னத்துக்குக் கன்னம் உருட்டி, மூக்கால் மூச்சு இழுத்து, பக்கத்தில் இருந்த வாளிக்குள் துப்பினாள்.

நான் எப்போதும் குசினிக்குள் நிற்கிறவள். இந்தக் கூத்தை அதுவரை கண்டதில்லை. ஒரு வீட்டில் தந்த தேத்தண்ணியில் எறும்பு மிதந்தாலும் ஊதிவிட்டுக் குடிக்கிற ஆட்கள் நாங்கள். அந்தச் சோடியில் பெண்பிள்ளையிடம் மெல்லப் போய், "குறை நினையாதை, சிஞோராவுக்கு வயிறு சரியில்லை" என்றேன். அவள், "ருசி பாக்கிறதெண்டா இப்பிடித்தான்" என்று சிரித்துவிட்டுத் தானும் ஒரு வாய் எடுத்துத் துப்பினாள். பிறகு அவளுடைய மனுசனும் துப்பினான். தாங்கள் செய்ததைத் தாங்களே துப்புகிறவர்கள் எதற்காகச் செய்கிறார்கள் என்று எனக்கு விளங்கவில்லை.

எனக்கும் ஒரு கிளாஸ் நீட்டினார்கள். வேண்டாம் என்றேன். எங்கள் ஆட்களென்றால் மூன்றாவது வேண்டாத்துக்குப் பிறகுதான் உண்மையாகவே கேட்கத் தொடங்குவார்கள். இவர்கள் முதலாவதிலேயே விட்டுவிட்டார்கள். நல்ல பிள்ளைகள். மணத்தை மட்டும் பிடித்துப் பார்த்தேன். ஊறவைத்த பழப்புளி மணத்தது, அதற்கு அடியில் இப்போதுதான் அணைந்த ஊதுபத்தி. சிஞோரா ஈரக்கல் மணக்கிறது என்றாள். ஈரக்கல்லை எப்போது நக்கிப் பார்த்தாள் என்று நான் கேட்கவில்லை.

இரண்டாவது இடம், அல்காமோ ஊருக்கு மேலே மலையில் ஒரு கிழவரின் வீடு. உண்மையில் சிஞோரா வந்ததே இதற்காகத்தான். எப்போதோ ஒரு செத்தவீட்டில் அவளுக்கு இந்தக் கிழவரின் வைன் ஒரு வாய் கிடைத்ததாம். செத்தவருக்கு அழுததைவிட அந்தப் போத்தல் முடிந்ததற்குத்தான் கூட அழுதேன் என்று வழி முழுக்கச் சொல்லிக்கொண்டு வந்தாள். கிழவர் நகரத்து ஆட்களுக்கு விற்பதில்லை. எத்தனையோ முறை ஆள்விட்டுக் கேட்டும் பலிக்கவில்லை.

கிழவர் எங்களைப் பீப்பா அறைக்குக் கூட்டிக்கொண்டு போனார். பெரிய, கறுத்த, ஒற்றைப் பீப்பா. அதை ஒருநாளும் வெறுமையாக விடுவதில்லையாம். எடுத்த அளவுக்கு ஒவ்வொரு வருடமும் புது வைனை விடுவார்கள். அவருடைய பாட்டன் தொடங்கியது. எனக்கு உடனே விளங்கிவிட்டது. நேற்றைய தயிர்தானே இன்றைய பாலுக்கு உறை.

சிஞோரா கையில் கிளாஸை வாங்கிக்கொண்டு சுற்றுமுற்றும் பார்த்தாள்.

"வாளி ஒண்டு கிடைக்குமோ?"

"என்னத்துக்கு?" என்றார் கிழவர்.

"துப்பத்தான்."

கிழவரின் முகம், காலையில் என் முகம் எப்படிப் போனதோ அப்படியே போனது. அவளுடைய கையிலிருந்து கிளாஸைத் திரும்ப வாங்கிப் பீப்பாவுக்கு மேல் வைத்தார். பிறகு இன்னொரு கிளாஸை நிரப்பிக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"நீயும் துப்புறனியோ?"

சிஞோரா கண்ணால் கெஞ்சினாள். வான் திறப்பு என் சட்டைப் பைக்குள் கனத்தது. வீட்டில் மகள் சேலை மாற்றிக்கொண்டிருப்பாள். எல்லாம் நினைவுக்கு வந்தது. ஆனால் தன் பீப்பாவுக்கு முன்னால் கிளாஸும் கையுமாக நிற்கிற ஒரு மனிசனின் முகத்தைப் பார்த்துக்கொண்டு வேறென்ன சொல்வது?

"இல்லை" என்றேன். கசாயம் குடிக்கிறமாதிரி ஒரே மடக்காக விழுங்கினேன். பிறந்த நாளிலிருந்து என் வாயில் பட்ட முதல் குடி அதுதான்.

தொண்டை சுட்டது. பிறகு வறுத்த கச்சான் கடலை வந்தது. பிறகு உப்பு. கடைசியில், பழைய ஊறுகாய்ப் போத்தலைத் திறந்தால் மூக்கில் ஏறுமே, அந்தக் காட்டம். கடையில் கழுவும்போது மிச்ச வைனை எத்தனையோ தரம் மணந்திருக்கிறேன். எல்லாம் ஒரே புளித்தண்ணீர் என்றுதான் எண்ணியிருந்தேன். இது அப்படியில்லை. இது அந்த வீட்டுக்காரரைப்போலவே இருந்தது, முறைத்துக்கொண்டு நின்று, பிறகு மெல்லச் சிரித்தது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், எனக்கு மிகவும் பிடித்துப்போனது.

கிழவர் இன்னொன்று ஊற்றினார். ஒரு கிளாஸோடு எழும்புகிறவன் பகையாளி என்றார். எங்கள் வீட்டிலும் ஒரு தோசையோடு யாரையும் எழும்ப விடுவதில்லை, ஆகவே எதிர்த்துப் பேச எனக்கு வாயில்லை. மூன்றாவதை ஊற்றியபோது எதிர்த்துப் பேசவேண்டும் என்றே தோன்றவில்லை. கடைசியில் ஒரு பிளாஸ்டிக் கானை நிரப்பி என் மடியில் வைத்தார்.

"இது உனக்கு. அவளுக்கில்லை. இது முடிஞ்சா வாங்க நீயே வா."

சிஞோரா சுவரைப் பார்த்துக்கொண்டு காசை எடுத்துக் கொடுத்தாள்.

எழும்பினேன். பீப்பாவும் என்னோடு எழும்பியது. வெளியே வந்தால் வெயில் மலைக்கு அந்தப் பக்கம் இறங்கிக்கொண்டிருக்கிறது. திறப்பை எடுத்து அவளிடம் நீட்டினேன்.

"சிஞோரா, என்னாலை ஓட்டேலாது."

"எனக்கு ஒரு கைதான் இருக்கு."

"எனக்கு ரெண்டு கை இருக்கு. தலைதான் இல்லை."

துப்பியவள் இடது கையால் ஸ்டியரிங்கைப் பிடித்தாள். விழுங்கியவள் பக்கத்தில் இருந்து கியர் போட்டாள். "ரெண்டு" என்பாள், நான் நாலைப் போடுவேன், வான் இருமிவிட்டு நிற்கும். பின்னால் வருகிறவர்கள் கோன் அடிப்பார்கள். அவள் தனக்குத் தெரிந்த புனிதர்களையெல்லாம் கூப்பிட, நான் பிள்ளையாரைக் கூப்பிட, எப்படியோ பலெர்மோ வந்து சேர்ந்தது. வழியெல்லாம் கைப்பைக்குள் கிடந்த கராம்பை ஒவ்வொன்றாகச் சப்பிக்கொண்டு வந்தேன். பிரான்காச்சோவில் எங்கள் மாடிவீட்டுக்குக் கீழே இறக்கிவிட்டபோது தெருவிளக்கெல்லாம் எரிந்துகொண்டிருந்தது.

கதவு வாசலில் தெரியாத செருப்புகள். வந்துவிட்டார்கள். மனுசன் கதவைத் திறந்தார். அவருடைய கண் என் கைக்குப் போனது. நிறைகுடத்தை ஏந்துகிறமாதிரி அந்தக் கானை அணைத்துக்கொண்டு படியேறி வந்திருக்கிறேன், எனக்கே தெரியாது.

"என்னப்பா இது?" என்று குசுகுசுத்தார்.

"வைன்" என்றேன். நானும் குசுகுசுத்ததாகத்தான் நினைத்தேன். உள்ளே எல்லாப் பேச்சும் நின்றுபோனது.

பொடியனின் அம்மா கதிரையில் முதுகு சாயாமல் இருந்தார். நெற்றி நிறைய விபூதி. நான் முன்னால் போய் இருந்ததும் அந்த மூக்கு ஒருமுறை அசைந்தது. கராம்பெல்லாம் அதற்கு எந்த மூலைக்கு? வானில் வரும்போது ஒரு பொய் தயாராக்கி வைத்திருந்தேன், போத்தல் உடைந்து சட்டையில் ஊற்றுப்பட்டுவிட்டது என்று. வாயைத் திறந்தால் உண்மை வருகிறது. வாளியில் தொடங்கி மாவுக்கட்டு, பீப்பா, மூன்று கிளாஸ், கியர் என்று ஒன்றும் விடாமல் சொல்லி முடித்தேன். மகள் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு நின்றாள். பொடியன் நிலத்தைப் பார்த்தான்.

அந்த அம்மா கேட்டார், "நீங்களும் துப்பியிருக்கலாமே?"

"ஒரு மனிசன் தன்ரை வீட்டிலை விரும்பித் தந்ததை அந்தாளின்ரை முகத்துக்கு முன்னாலை எப்பிடித் துப்புறது? எனக்கு மனம் வரேல்லை." சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது. "என்னைப் பாத்துப்போட்டு என்ரை பிள்ளையை வேண்டாமெண்டு சொல்லிப்போடாதேங்கோ. அவள் தண்ணியும் தேத்தண்ணியும் தவிர வேறை ஒண்டும் அறியாதவள்."

அவர் கதிரையை விட்டு எழும்பினார். போகப்போகிறார், என் வாயால் என் பிள்ளையின் வாழ்க்கையைக் கெடுத்துவிட்டேன் என்று நினைத்தேன். ஆனால் அவர் வாசல் பக்கம் போகவில்லை. யாரையும் கேட்காமல் நேரே என் குசினிக்குள் போனார். அலுமாரி திறக்கிற சத்தம் கேட்டது. கத்தி சத்தம் கேட்டது. கரண்டி சத்தம் கேட்டது. மனுசன் என்னைப் பார்க்க, நான் அவரைப் பார்த்தேன்.

தேசிக்காய் பிழிந்த தண்ணீரை ஒரு செம்பில் கொண்டுவந்து நீட்டினார்.

"உப்புப் போட்டிருக்கிறன். குடியுங்கோ, தலை தெளியும்."

அவ்வளவு ஆசாரமான மனுசிக்கு முன்னால் செம்பை எச்சில் பண்ணலாமா? மரியாதையாக அண்ணாந்து, செம்பை உயர்த்தி ஊற்றினேன். கை எங்கே நிற்கிறது? பாதி மூக்குக்குள்ளும் பாதி கழுத்துக்குள்ளும் போனது. புரைக்கேறி இருமினேன். மகள் துவாயோடு ஓடிவந்தாள்.

அந்த அம்மா செம்பை எட்டிப் பிடித்தார். மற்றக் கையால் என் தலையில் இரண்டு தட்டுத் தட்டிவிட்டு, செம்பின் விளிம்பை என் உதட்டோடு கொண்டுவந்து வைத்தார்.

"வாய் வைச்சுக் குடியுங்கோ" என்றார். "இனி என்ன, ஒரு வீடுதானே."