செம்பருத்திக்குப் போன நீலம்

எங்கள் வீட்டுக்காரர் மைன்ஸில் பெரிய மிஷின் ஓட்டுகிறவர். பூமியைத் தோண்டுவதில் அவருக்குத் தெரியாதது எதுவும் கிடையாது. கேட்டுப் பாருங்கள், அவரே சொல்வார். கம்பெனி செலவில் ஊர் சுற்றும் எல்.டி.சி. லீவில் சிக்கிம் போனபோது, பனிமலை ஏரி ஒன்று மயில் கழுத்து நிறத்தில் கிடந்தது. கார் டிரைவர் காரணம் சொன்னார். மலைமேல் உறைந்த பனி நகர நகர அடிப்பாறையை மாவாக அரைக்கிறதாம். அந்த மாவு உருகிய தண்ணீரில் மிதக்க, வெயில் பட்டு நீலமும் பச்சையும் மட்டும் நம் கண்ணுக்குத் திரும்பி வருகிறதாம்.

"பனிக்கட்டி பாறைய அரைக்குதாம். எங்க மிஷின் பல்லே தேஞ்சு போவுது, இவரு வேற" என்றார் இவர்.

ஆனாலும் ஏரித் தண்ணீரை ஒரு பாட்டிலில் பிடித்துக்கொண்டார். கம்மாபுரம் பக்கத்தில் இருக்கும் அவருடைய அக்காவுக்காக. சர்க்கரை வியாதியில் அக்காவுக்குக் கண் மங்கிக்கொண்டே வருகிறது. ஏரியின் படத்தைப் போனில் அனுப்பியதற்கு, "போட்டோவுல எந்தக் கலர வேணா ஏத்துவானுங்க. கண்ணு தெரியறப்பவே நேர்ல காட்டுடா தம்பி" என்று கேட்டிருந்தார்.

குவார்ட்டர்ஸுக்கு வந்து பார்த்தால், பாட்டிலின் அடியில் சாம்பல் நிறத்தில் சேறு. நான் குளித்துவிட்டு வருவதற்குள் காரியம் முடிந்திருந்தது. மேலே தெளிந்த தண்ணீரை டிகாஷன் இறுத்தெடுக்கிற நிதானத்தோடு வேறு பாட்டிலுக்கு மாற்றி, சேற்றைச் செம்பருத்தித் தொட்டியில் கொட்டியிருந்தார். மண்ணைக் கண்டால் வாரி எறிவதுதானே இவர் தொழில்.

"ஏங்க, அந்த மாவுதாங்க நீலமே. குலுக்கி வெயில்ல காட்டியிருந்தா கொஞ்சமாவது தெரிஞ்சிருக்கும்."

"சேத்தயா காட்டச் சொல்ற? எல்லாம் எனக்குத் தெரியும்."

தெரியாமலா?

ஞாயிற்றுக்கிழமை அக்கா பஸ் பிடித்து வந்தார். பாட்டிலை வாசல் வெயிலில் தூக்கிப் பிடித்தார். திருப்பிப் பார்த்தார். ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தார்.

"நீலமா இருக்குதாடா தம்பி? எனக்கு வெறுந்தண்ணியாத் தெரியுதே. என் கண்ணு அவ்ளோதானா?"

நீலம்தான் என்று ஒரு வார்த்தை சொன்னால் இவர் மானம் தப்பிக்கும். இத்தனை வருஷத்தில் இவர் தப்பு என்று ஒன்றை ஒத்துக்கொண்டு நான் பார்த்ததே இல்லை.

"வெறுந்தண்ணிதான்க்கா" என்றார் தரையைப் பார்த்துக்கொண்டு. "நீலத்த நான்தான் தொட்டியில கொட்டிட்டேன். எனக்குத் தெரியல."

அக்கா பாட்டிலைக் கீழே வைத்தார்.

"அப்ப என் கண்ணு நல்லாத்தான் இருக்குது" என்று தம்பியின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார்.